வியாழனின் நிலவுகளுக்கு ஏன் இன்னமும் கிரேக்கப் பெயர்கள்?

கேள்வி — கரிசல்காட்டு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காக ஒரு வானியல் மன்றம் நடத்தி வருகிறேன். சிறிய தொலைநோக்கியில் வியாழனையும் அதன் நான்கு பெரிய நிலவுகளையும் காட்டி, அயோ, யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ என்று பெயர்களைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு என்னால் நிறைவாக விடை சொல்ல முடியவில்லை. இவற்றைக் கண்டுபிடித்த கலிலியோ இத்தாலியர். கோளின் ஆங்கிலப் பெயரோ ரோமானியக் கடவுளுடையது. அப்படியிருக்க நிலவுகளுக்கு மட்டும் ஏன் கிரேக்கக் கதைமாந்தரின் பெயர்கள் வந்தன என்று அவள் கேட்டாள்.

அதைத் தொடர்ந்து எனக்குள்ளும் ஒரு கேள்வி எழுந்தது. பூமியை நடுவில் வைத்துத் தாலமி வகுத்த அண்ட அமைப்பை அறிவியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. ஆனால் அவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தொகுத்துத் தந்த 48 விண்மீன் குழாம்கள், அவற்றுள் ஆர்கோ கப்பல் மட்டும் மூன்றாகப் பிரிக்கப்பட்ட நிலையில், இன்று ஏற்கப்பட்டுள்ள 88இல் அப்படியே இருக்கின்றன. கோட்பாடு போன பின்பும் பெயர்கள் எப்படித் தங்கின? இது ஐரோப்பியர்களின் பழமைப்பற்று மட்டும்தானா, அல்லது வேறு காரணங்களும் உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

பதில் — துருவமீன்

வணக்கம் அம்மா. உங்கள் மாணவியின் கேள்விக்கு நேரடியான விடை, கலிலியோ அந்தப் பெயர்களை வைக்கவே இல்லை என்பதுதான். 1610 சனவரியில் அந்த நான்கு நிலவுகளைக் கண்டவுடன், தம்மை ஆதரிக்கக்கூடிய டஸ்கனி ஆட்சியாளர் இரண்டாம் கோசிமோவின் குடும்பப் பெயரால் அவற்றை 'மெடிசி விண்மீன்கள்' என்று அழைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் அவற்றைத் தாமும் கண்டதாகச் சொன்ன ஜெர்மானியர் சைமன் மாரியஸ் 1614இல் வெளியிட்ட நூலில்தான் அயோ, யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ என்ற பெயர்கள் அச்சேறின. அந்த யோசனை கெப்ளருடன் நடந்த உரையாடலில் பிறந்தது என்று அவரே குறிப்பிடுகிறார். ஆனால் அதே மாரியஸ், தம்மை ஆதரித்த பிராண்டன்பர்க் அரச மரபின் பெயரையும் அந்நிலவுகளுக்குச் சூட்டிப் பார்த்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த அரசவைப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் நேர்ந்த கதியை அடுத்தடுத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். சனியைச் சுற்றும் நான்கு நிலவுகளை 1671 முதல் 1684 வரை கண்டறிந்த காசினி, அவற்றைப் பதினான்காம் லூயியின் பெயரால் அழைத்தார். பிரான்சுக்கு வெளியே அதை ஏற்க யாருக்கும் மனம் வரவில்லை. 1781 மார்ச் 13 அன்று புதிய கோள் ஒன்றைக் கண்ட வில்லியம் ஹெர்ஷல், அதற்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை வைத்தார். இங்கிலாந்துக்கு வெளியே அதுவும் எடுபடவில்லை. 1801 சனவரி முதல் நாளில் பலெர்மோவில் பியாசி கண்ட சீரீஸ் என்ற குறுங்கோளுக்கு முதலில் 'சீரீஸ் பெர்டினாண்டியா' என்றே பெயர். சிசிலி மன்னர் பெர்டினாண்டைக் குறித்த பின்பாதி விரைவிலேயே உதிர்ந்துபோய், ரோமானிய வேளாண் தெய்வத்தின் பெயர் மட்டும் எஞ்சியது. ஒரு நாட்டு மன்னனின் பெயரைப் பகை நாட்டு வானியலாளர் தம் அட்டவணையில் எழுத மாட்டார். ஆனால் ஒலிம்பசுத் தெய்வங்களை 17ஆம் நூற்றாண்டில் வழிபட்டவர்கள் யாரும் இல்லை. அவர்களைத் தன் சொத்தாகக் கொண்டாட எந்த அரசுக்கும் உரிமை இல்லை. அதே வேளையில் லத்தீன் பயின்ற ஒவ்வோர் அறிஞருக்கும், அவர் பாரிசில் இருந்தாலும் இலண்டனில் இருந்தாலும், அந்தக் கதைகள் பாடப்புத்தக அளவுக்குப் பழக்கமானவை. யாருக்கும் உரிமையில்லாமலும் எல்லோருக்கும் தெரிந்தும் இருந்த இந்த இரட்டைத் தன்மையே அவற்றின் வெற்றிக்கு முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து.

ஹெர்ஷல் கண்ட கோளுக்கு யுரேனஸ் என்ற பெயரை முன்மொழிந்தவர் பெர்லினைச் சேர்ந்த போடே. வியாழனின் தந்தை சனி என்பதால், சனிக்கு அப்பால் உள்ள கோள் சனியின் தந்தை பெயரைத் தாங்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். கோள்களில் இது ஒன்றுதான் ரோமானிய வடிவத்தைத் தழுவாமல் நேராகக் கிரேக்கக் கடவுளின் பெயரைக் கொண்டது. 1789இல் கிளாப்ரோத் தாம் கண்ட தனிமத்துக்கு யுரேனியம் என்று பெயரிட்டதன் மூலம் அது வேதியியலுக்குள்ளும் நுழைந்தது. ஆனாலும் பிரிட்டனின் கடற்பயணப் பஞ்சாங்கம் 1850 வரை மன்னர் ஜார்ஜின் பெயரைக் கைவிடவில்லை.

இரண்டாவது காரணம் எண்களின் குழப்பம். மாரியசின் பெயர்களைப் புறக்கணித்த கலிலியோ, நிலவுகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றே குறித்தார். இந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. கோளுக்கு அண்மையில் இருப்பது முதலாவது என்பது கணக்கு. ஆனால் 1892இல் பர்னார்டு கண்ட ஐந்தாம் நிலவு, முதலாவதற்கும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. சனியின் நிலை இன்னும் மோசம். உள்ளே ஒவ்வொரு நிலவு கண்டுபிடிக்கப்படும்போதும் பழையவற்றின் எண்கள் மாறின. ஒருவர் எழுதிய நான்காம் நிலவு எது என்பது அவர் எந்த ஆண்டில் எழுதினார் என்பதைப் பொறுத்தது. இதற்கு முடிவு கட்டியவர் வில்லியம் ஹெர்ஷலின் மகன் ஜான் ஹெர்ஷல். 1847இல் அவர் மைமாஸ், என்சலடஸ், டெத்திஸ், டயோனி, ரியா, டைட்டன், அயாபெட்டஸ் என்ற பெயர்களை முன்வைத்தார். தன் பிள்ளைகளை விழுங்கியவன் சனி என்பதால் பிள்ளைகளை அவனைச் சுற்றி நிறுத்த முடியாது, ஆகவே உடன்பிறந்த டைட்டன்களையே துணைக்கு வைக்க வேண்டும் என்று அவர் காரணம் சொன்னார். ஏழு பெயர்களும் சிறிது காலத்திலேயே நிலைபெற்றன.

பதில் — கதைசொல்லி

துருவமீன் அவர்கள் சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கிரேக்கத் தொன்மம் தனித்தனிப் பெயர்களின் குவியலாக இல்லாமல் உறவுமுறைகளின் வலையாக இருக்கிறது. தந்தை யார், தோழன் யார், பகைவன் யார் என்பதெல்லாம் தெரிந்திருப்பதால், ஒரு பொருளுக்குப் பெயர் வைத்தவுடன் அதன் அருகில் அடுத்துக் கண்டுபிடிக்கப்படுவதற்கும் பெயர் காத்திருக்கிறது. 1877 ஆகஸ்டில் வாஷிங்டனில் அசாஃப் ஹால் செவ்வாயின் இரு நிலவுகளைக் கண்டபோது, இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளி ஆசிரியர் ஹென்றி மேடன், டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தின் 15ஆம் பகுதியில் போர்க்கடவுள் தன் குதிரைகளைப் பூட்டச் சொல்லி ஏவும் போபோஸ், டெய்மோஸ் என்ற இருவரை நினைவூட்டினார். அச்சமும் நடுக்கமும் உருவெடுத்தவர்கள் அவர்கள். 1930இல் புளூட்டோ என்ற பெயரை முன்மொழிந்த 11 வயதுச் சிறுமி வெனிஷியா பர்னி, இதே மேடனின் தம்பி பேத்தி. பாதாள உலகின் தலைவனுக்கு ஓடக்காரன் கேரோன் 1978இல் துணைவந்தான். பின்னர் நிக்ஸ், ஹைட்ரா, கெர்பரோஸ், ஸ்டிக்ஸ் என்று பாதாளத்தின் இரவும் பாம்பும் நாயும் ஆறும் வந்து சேர்ந்தன.

இந்த வலையின் நுட்பத்தை முழுமையாகக் காண ட்ரோஜன் சிறுகோள்களைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கோளின் பாதையில் அதற்கு 60 பாகை முன்னும் 60 பாகை பின்னும் சிறு பொருட்கள் நிலையாகத் தங்க முடியும் என்று 1772இல் லக்ராஞ்சு கணக்கிட்டுக் காட்டியிருந்தார். 1906 பிப்ரவரியில் ஹைடல்பர்க்கில் மேக்ஸ் வுல்ஃப் எடுத்த ஒளிப்படத்தில் சிக்கிய சிறுகோள் ஒன்று, வியாழனுக்கு முன்னே அத்தகைய இடத்தில் இருப்பது தெரியவந்தது. வியன்னாவின் யோகான் பலீசா அதற்கு அக்கிலீஸ் என்ற பெயரைப் பரிந்துரைத்தார். விரைவில் பெட்ரோகுளசும் ஹெக்டரும் கிடைத்தனர். அதன் பிறகுதான், முன்னே செல்பவை கிரேக்க வீரர்களின் பெயரையும் பின்னே வருபவை டிராய் வீரர்களின் பெயரையும் பெறுவது என்ற விதி ஏற்பட்டது. விதி பிந்தி வந்ததால், அக்கிலீசின் உயிர்த்தோழன் பெட்ரோகுளஸ் டிராய் முகாமிலும், டிராயின் பெருவீரன் ஹெக்டர் கிரேக்க முகாமிலும் இன்றுவரை சிக்கிக் கிடக்கிறார்கள். போரில் பெட்ரோகுளசைக் கொன்றவன் ஹெக்டர், ஹெக்டரைக் கொன்றவன் அக்கிலீஸ் என்பதை அறிந்தவருக்கு இந்த இடமாற்றம் எவ்வளவு ஆழமாகப் படுகிறது! பெட்ரோகுளஸ் ஒற்றைக் கல்லும் அன்று. 2001இல் அதற்கு ஏறக்குறைய அதே அளவுள்ள இணை ஒன்று இருப்பது தெரிந்தது. அதற்குப் பெட்ரோகுளசின் தந்தை மெனோஷியசின் பெயரைச் சூட்டினார்கள். 2021 அக்டோபரில் ஏவப்பட்ட லூசி விண்கலம் 2033இல் இந்த இணையைக் கடந்து செல்லும்படி அதன் பயணம் திட்டமிடப்பட்டிருக்கிறது.

பெயருக்குள் சுற்றுப்பாதைத் தகவலும் ஒளிந்திருப்பதை மாணவர்களுக்குக் காட்டலாம். வியாழனின் தொலைதூரச் சிறு நிலவுகளில், கோள் சுழலும் திசையிலேயே சுற்றுபவற்றுக்கு 'ஆ' ஒலியில் முடியும் பெயர்களும், எதிர்த்திசையில் சுற்றுபவற்றுக்கு ஆங்கில எழுத்தில் 'ஈ'யில் முடியும் பெயர்களும் வைப்பது வழக்கம். ஹிமாலியா முன்னோக்கிச் சுற்றுகிறது. பசிபே, கார்மே, அனன்கே பின்னோக்கிச் சுற்றுகின்றன.

பதில் — தென்றல்வெளி

மேலே இருவரும் எழுதியவை உண்மைதான். ஆயினும் 'யாருக்கும் உரிமையில்லாதவை' என்ற கருத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. லத்தீன் பயின்ற அறிஞர் எல்லோருக்கும் பழக்கமானவை என்று சொல்லும்போதே, அந்தக் கல்விக்கு வெளியே இருந்த பெரும்பான்மை உலகம் கணக்கில் வரவில்லை என்பதும் சொல்லப்பட்டுவிடுகிறது. அத்துடன் வியாழனின் நிலவுகளாக நிற்பவர்கள் யார் என்பதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அயோ, யூரோப்பா, கலிஸ்டோ, கனிமீடு ஆகிய நால்வருமே சியூஸ் கடவுள் (ரோமானியருக்கு ஜூபிடர்) ஏமாற்றியோ கவர்ந்தோ தன் வசப்படுத்தியவர்கள். அயோ பசுவாக்கப்பட்டு நாடு நாடாக அலைந்தாள், கலிஸ்டோ கரடியாக்கப்பட்டாள், கனிமீடு தந்தையிடமிருந்து கழுகால் தூக்கிச் செல்லப்பட்ட சிறுவன். 'காதலியர்' என்ற ஒற்றைச் சொல்லில் இவர்களைக் கடந்துபோவது சரியன்று. 2016 சூலையில் வியாழனை அடைந்த விண்கலத்துக்கு ஜூனோ என்று பெயர் வைத்தவர்களும் இந்தக் கதையை அறிந்தே வைத்தார்கள்; அயோவிடம் செய்ததை மறைக்க ஜூபிடர் விரித்த மேகத்திரையை ஊடுருவிப் பார்த்தவள் அவன் மனைவி ஜூனோ, அந்தக் கலமும் வியாழனின் மேகங்களுக்கு அடியில் இருப்பதை ஆராயவே சென்றது.

வானம் முழுவதும் கிரேக்கமயமானது என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டும். குழாம்களின் பெயர்கள் கிரேக்கத்திலிருந்து வந்திருக்கலாம். ஆனால் அவற்றினுள் இருக்கும் தனி விண்மீன்களில் பெரும்பாலானவை அரபுப் பெயர்களைத் தாங்குகின்றன. வேட்டைக்காரன் ஓரியனின் உடலில் இருக்கும் பீட்டல்ஜூசும் ரைஜெலும் அரபு. தாலமியின் பட்டியலைப் பிழை திருத்தி, ஒளியளவுகளைத் தாமே பார்த்துக் குறித்து 964இல் பாரசீக வானியலாளர் அல்-சூஃபி எழுதிய நூல் இல்லாமல் அந்தக் கிரேக்கச் செல்வம் இந்த வடிவில் நம்மை அடைந்திருக்காது.

விண்பொருட்களின் பெயர்களை ஏற்கும் பன்னாட்டு வானியல் ஒன்றியமும் மாறிவருகிறது. நெப்டியூனுக்கு அப்பால் உள்ள பெரும் பொருட்களுக்கு உலகின் பல மக்களுடைய படைப்புத் தெய்வங்களின் பெயர்கள் வைக்கப்படுகின்றன. ஹவாய்த் தீவின் ஹவுமேயா, ஈஸ்டர் தீவின் மக்கேமக்கே, நம் நாட்டு வருணன் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். சனியின் தொலைதூர நிலவுகளை இனுயிட், நார்ஸ், காலிக் என்று மூன்று கதைமரபுகளாகப் பிரித்துப் பெயரிடுகிறார்கள். கிரேக்கப் பெயர்களே போதாமலும் போய்விட்டன. ட்ரோஜன் கற்கள் ஆயிரக்கணக்கில் பெருகியதால், அவற்றில் மங்கலானவற்றுக்கு ஒலிம்பிக், பாராலிம்பிக் வீரர்களின் பெயர்களையும் வைக்கலாம் என்று 2018இல் முடிவு செய்தார்கள். பழைய பெயர்களை அழிக்கச் சொல்லி நான் வாதிடவில்லை. இனி வருபவற்றில் எல்லா மக்களின் கதைகளுக்கும் இடம் வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

பதில் — நுங்கம்பாக்கத்துக்காரர்

இந்த உரையாடலில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வான் ஆய்வகம் இருந்தது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. அதில் தமிழ் உட்படச் சில மொழிகளில் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த ஆய்வகத்துக்கு 1861இல் பொறுப்பேற்று வந்த நார்மன் போக்சன், அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டார். இந்தக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத் தொன்மத்தில் ஆசியா என்பவள் ஓக்கியானசுக்கும் டெத்திசுக்கும் பிறந்த மகள்களில் ஒருத்தி. சனியின் நிலவாக மேலே சொல்லப்பட்ட அதே டெத்திஸ்தான். ஆகவே கண்டத்தின் பெயரும் தொன்மத்தின் பெயரும் ஒரே கல்லில் பொருந்திவிட்டன.

அதன் பின் சென்னையிலிருந்தே 1864இல் சாஃபோ, 1866இல் சில்வியா, 1868இல் கமிலா ஆகியவற்றையும் அவர் கண்டார். சாஃபோ தொன்மப் பாத்திரம் இல்லை, உண்மையில் வாழ்ந்த கிரேக்கப் பெண்பாற்புலவர். சில்வியா ரோம் நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் இரட்டையரின் தாய். அந்தச் சிறுகோளைச் சுற்றி இரு குட்டி நிலவுகள் இருப்பது 2001இலும் 2004இலும் தெரியவந்தபோது, ரோமுலஸ், ரீமஸ் என்ற பெயர்கள் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தன. கதைசொல்லி அவர்கள் குறிப்பிட்ட உறவுவலை, நுங்கம்பாக்கத்தில் பெயர் பெற்ற ஒரு கல்லுக்கு ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பின் பிள்ளைகளைத் தந்தது.

அதே ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்பது அதன் பெயர். ரெட்டிகுலம் என்பது தொன்மக் கதையிலிருந்து வந்த குழாம் அன்று. தொலைநோக்கியின் கண்ணருகே இருக்கும் அளவைக் கம்பிவலையைக் குறிப்பது. கிரேக்கத்திலிருந்து தென்துருவத்தை ஒட்டிய வானம் தெரியாது. எனவே 1750களில் நன்னம்பிக்கை முனையிலிருந்து அந்தப் பகுதியை அளந்த பிரெஞ்சு வானியலாளர் லக்காய், தம் காலத்துக் கருவிகளின் பெயர்களையே அங்கே இட்டார். தொலைநோக்கி, நுண்ணோக்கி, ஊசற்கடிகாரம், காற்று வெளியேற்றும் எந்திரம் எல்லாம் அங்கே குழாம்கள் ஆயின. ஆசிரியை அவர்கள் மாணவர்களிடம் விண்மீன் வரைபடத்தின் வட பாதியையும் தென் பாதியையும் அருகருகே வைத்துக் காட்டினால், கிரேக்கர்களின் கண் எட்டிய எல்லை எதுவென்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

மறுமொழி — கரிசல்காட்டு ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நுங்கம்பாக்கத்துச் செய்தி எங்கள் மாணவர்களுக்குப் பெரும் உற்சாகம் தரும். தென்றல்வெளி அவர்கள் சொன்னபடி அந்தக் கதைகளை மழுப்பாமல் சொல்வதே முறை என்று நானும் நினைக்கிறேன். இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். பெயர்க்கதையையும் அறிவியலையும் சேர்த்து, வெறுங்கண்ணால் மாணவர்களே செய்து பார்க்கக்கூடிய ஏதேனும் உண்டா?

பதில் — துருவமீன்

உண்டு அம்மா. வட வானில் ஒரே குடும்பத்தின் கதை பரந்து கிடக்கிறது. எத்தியோப்பிய மன்னன் செஃபியஸ், தன் அழகைப் பற்றிப் பெருமை பேசிய அரசி கசியோப்பியா, அதற்குத் தண்டனையாகக் கடற்பாறையில் கட்டப்பட்ட மகள் ஆந்த்ரோமெடா, அவளை மீட்ட பெர்சியஸ். செஃபியசில் உள்ள டெல்டா என்ற விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை 1784இல் ஜான் குட்ரிக் என்ற இளைஞர் கண்டறிந்தார். அவர் காது கேளாதவர், அப்போது அவருக்கு வயது 20. அதைப் போன்ற விண்மீன்களுக்கெல்லாம் செஃபீடுகள் என்று பெயர் வந்தது. செஃபீடின் துடிப்புக்காலம் நீள நீள அதன் உண்மை ஒளிர்வும் கூடுகிறது என்று ஹார்வர்டில் ஹென்ரியெட்டா லீவிட் 1912இல் நிறுவினார். ஆகவே துடிப்புக்காலத்தை அளந்து உண்மை ஒளிர்வை அறிந்து, அதை நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம்.

1923 அக்டோபரில் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் ஆந்த்ரோமெடா ஒண்முகிலைப் படமெடுத்த ஹப்பிள், ஒளிப்படத் தகட்டில் ஒரு புள்ளியைத் திடீரென ஒளிரும் புதுமீன் (நோவா) என்று எண்ணி அருகில் 'என்' என்ற எழுத்தைக் குறித்தார். பின்னர் அது செஃபீடு என்று தெரிந்ததும், அந்த எழுத்தை அடித்துவிட்டு 'மாறும் விண்மீன்' என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தை ஆச்சரியக்குறியோடு எழுதினார். அந்த ஒரு புள்ளியிலிருந்து அவர் கணக்கிட்ட தொலைவு ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டு. செஃபீடுகளில் இரு வகை உண்டு என்பது பின்னால் தெரிந்து, இன்று அது 25 லட்சம் ஒளியாண்டு என்று திருத்தப்பட்டுள்ளது. எவ்வாறாயினும் அது நம் பால்வழிக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்பது உறுதியாயிற்று. தந்தையின் பெயரைத் தாங்கிய விண்மீன் வகையே மகளின் தொலைவைச் சொன்னது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், டிசம்பர் இறுதியில் மாலை ஏழு மணியளவில் மாணவர்களை வடக்கு நோக்கி நிற்கச் சொல்லுங்கள். கசியோப்பியா எளிதில் கண்ணில் படும். அதற்கு இடப்புறம் வடமேற்கில், ஏறத்தாழ 35 பாகை உயரத்தில், டெல்டா செஃபீ இருக்கும். அதன் அருகிலேயே சிறு முக்கோணமாக சீட்டாவும் எப்சிலானும் நிற்கும். சீட்டாவின் ஒளியளவு 3.4, எப்சிலானுடையது 4.2 (எண் சிறிதானால் ஒளி மிகுதி). டெல்டாவின் ஒளி 5 நாளும் சுமார் 9 மணி நேரமும் கொண்ட சுற்றில் 3.5க்கும் 4.4க்கும் இடையே மாறும். சீட்டாவுக்கு நெருக்கமான ஒளியா, எப்சிலானுக்கு நெருக்கமான ஒளியா என்று ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே மதிப்பிட்டு, நாளும் நேரமும் போட்டு எழுதிவரட்டும். மூன்று வாரக் குறிப்புகளை வரைபடமாக்கினால், ஒளி விரைந்து ஏறி மெதுவாக இறங்குவது புலப்படும். நகர வெளிச்சம் இல்லாத இடமாகவும் நிலவொளி குறைந்த நாட்களாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். கரிசல் பூமியில் அதற்குக் குறை இருக்காது என்று நம்புகிறேன்.